குறட்டை நிற்கும் அந்தப் பத்து நொடி

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் குறட்டையைப் பற்றி எழுதியபோது, “குறட்டை நடுவில் சட்டென்று நிற்கிறதா, கவனியுங்கள்” என்று ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பல அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. வடசென்னையிலிருந்து வந்தவற்றை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறோம். நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவரும், ஸ்லீப் லேப் என்னும் தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் இரவுப் பணி பார்க்கும் டெக்னீஷியன் ஒருவரும் பதில் சொல்கிறார்கள்.

என் வீட்டுக்காரருக்கு 46 வயது. மீன் ஏலத்துக்காக ராத்திரி இரண்டு மணிக்கே துறைமுகத்துக்குப் போகணும் என்று சாயந்திரம் ஏழு மணிக்குப் படுத்துவிடுவார். படுத்த பத்தாவது நிமிஷம் குறட்டை தெருவுக்கே கேட்கும். நடுவில் திடீரென்று சத்தமே இருக்காது. அப்புறம் ‘ஹக்’ என்று மூச்சை இழுத்துக்கொண்டு புரளுவார். “உழைச்ச அலுப்பு, அசந்து தூங்குறான்” என்கிறார் மாமியார். எனக்கு அந்தச் சத்தமில்லாத நேரம்தான் பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, காசிமேடு

நீங்கள் பயப்படுவது நியாயம்தான், சகோதரி. அது அசந்த தூக்கம் இல்லை. அந்த நேரத்தில் அவருக்கு மூச்சு உள்ளே போகவில்லை. ‘ஸ்லீப் ஆப்னியா’ என்னும், தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோயின் அடையாளம் இது.

நெஞ்சுக்குள் இருக்கும் மூச்சுக்குழாயில் குருத்தெலும்பு வளையங்கள் உண்டு, அது மடங்காது. அதற்கு மேலே, நாக்குக்கும் அண்ணத்துக்கும் பின்னால் உள்ள தொண்டைப் பகுதிக்கு அந்த வளையங்கள் கிடையாது. தசைகள்தான் அதைத் திறந்து பிடித்திருக்கின்றன. தூங்கியதும் அந்தத் தசைகள் தளர்ந்து, நாக்கின் அடி பின்னால் சரிகிறது. வழி குறுகி, காற்று போகும்போது சதை அதிர்ந்தால் குறட்டை. வழி முழுக்க ஒட்டிக்கொண்டால் அமைதி. நெஞ்சும் வயிறும் மூச்சிழுக்கப் போராடிக்கொண்டே இருக்கும், காற்று போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். கடைசியில் மூளை பதறி, அவரை அரைகுறையாக எழுப்பி, தசையை இறுக்கும். நீங்கள் கேட்கும் ‘ஹக்’ அதுதான். அவர் விழித்தது அவருக்கே தெரியாது. காலையில் கேட்டால் “நல்லாத்தான் தூங்கினேன்” என்றுதான் சொல்வார். அதனால் இந்த நோயில் முதல் சாட்சி பக்கத்தில் படுத்திருப்பவர்தான்.

மூச்சு 10 நொடிக்குக் குறையாமல் நின்றால் அது ஓர் ‘ஆப்னியா’. முழுதாக நிற்காமல் 30 சதவீதமாவது குறைந்து, கூடவே ஆக்சிஜன் இறங்கினாலோ தூக்கம் கலைந்தாலோ ‘ஹைப்பாப்னியா’. இரண்டையும் கூட்டி, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று போடும் கணக்கின் பெயர் ஏஹெச்ஐ. பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை. 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் தீவிரம்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது இது. அவர் எழுந்திருப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில், அதாவது பன்னிரண்டு, ஒரு மணி வாக்கில், செல்போனில் பத்து நிமிஷம் வீடியோ எடுங்கள். கனவு வரும் தூக்கம் கடைசிப் பகுதியில்தான் அதிகம். அப்போதுதான் தொண்டைத் தசை மிகவும் தளரும். சின்ன விளக்கைப் போட்டு, முகத்தோடு நெஞ்சும் வயிறும் தெரியும்படி வைத்து எடுங்கள். ஒரு நாள் மல்லாந்து படுத்திருக்கும்போது, ஒரு நாள் ஒருக்களித்திருக்கும்போது. குடித்துவிட்டு வந்த நாளாக இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். தையல் டேப்பால் கழுத்தைச் சுற்றி அளந்து பாருங்கள். 40 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதுவும் ஒரு அடையாளம். வீடியோவையும் அளவையும் எடுத்துக்கொண்டு ஸ்டான்லி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கோ காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ காலை ஓ.பி.யில் அவரோடு நீங்களும் போங்கள். அவர் மட்டும் தனியாகப் போனால், “லேசா குறட்டைங்க டாக்டர்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

ஒர்க்ஷாப்பில் வேலை. வயது 54. பிரஷருக்கு மூன்று மாத்திரை போட்டும் 160/100. ராத்திரி நாலு முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறேன். புராஸ்டேட் என்று அதற்கும் மாத்திரை தந்தார்கள், பலனில்லை. இப்போது டாக்டர் தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்கிறார். தொண்டைக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம்?
— ஒரு வாசகர், பெரம்பூர்

உங்கள் டாக்டர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷர் என்றால் ஸ்லீப் ஆப்னியா இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஆரோக்கியமான உடம்பில் தூக்கத்தின்போது ரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். இதயத்துக்கு அதுதான் ஓய்வு. உங்களுக்கு மணிக்கு 30 முறை மூச்சு அடைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணி நேரத் தூக்கத்தில் 210 முறை. ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் இறங்க, அட்ரினலின் பொங்க, ரத்தக் குழாய் சுருங்க, பிரஷர் எகிறும். விடிய விடிய இப்படி விரட்டப்பட்ட நரம்பு மண்டலம் காலையில் எழுந்ததும் அடங்கிவிடாது. பகலிலும் அந்த முறுக்கு நீடிக்கும். உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனும் இவர்களில் பலருக்குக் கூடுதலாக இருக்கும்.

சிறுநீர் விஷயமும் இதே கணக்கில்தான் வருகிறது. அடைத்த தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் உறிஞ்சும் விசை உண்டாகி, இதயத்தின் மேல் அறைகள் இழுபட்டு விரிகின்றன. உடம்பில் தண்ணீர் கூடிவிட்டது என்று இதயம் தப்பாக நினைத்து, சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனை விடுகிறது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் நிறையவே போகும். புராஸ்டேட் வீக்கத்தில் பெரும்பாலும் சொட்டுச் சொட்டாக, முக்கி முக்கிப் போகும். இந்த வித்தியாசத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். காலையில் தலைவலியோடு எழுந்து ஒரு மணி நேரத்தில் அது தானாகப் போய்விடுகிறதா? அதையும் சொல்லுங்கள், இரவில் கரியமில வாயு தேங்கியதால் வருவது அது.

சிகிச்சை இல்லாமல் விட்டால் சர்க்கரை கட்டுக்குள் வருவது கடினம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத் துடிப்பும் பக்கவாதமும் இவர்களுக்கு அதிகம். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபேப் மெஷின் பிரஷரைக் குறைக்கும் அளவு சராசரியில் இரண்டு மூன்று புள்ளிதான். உங்களைப் போல மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கு, இரவு முழுக்கப் போட்டால், அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். 2016-இல் வெளியான ‘சேவ்’ என்ற பெரிய ஆய்வில், ஏற்கெனவே இதய, ரத்தக்குழாய் நோய் உள்ளவர்களுக்கு சிபேப் கொடுத்தும் மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை. அதில் அவர்கள் மெஷின் போட்ட நேரம் சராசரியாக இரவுக்கு 3.3 மணிதான். பாதி ராத்திரி மட்டும் மூச்சு விட்டால் போதாது என்றே நாங்கள் அதைப் படிக்கிறோம். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது.

தூக்கப் பரிசோதனைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். உடம்பெல்லாம் ஒயர் மாட்டுவார்களாம். அந்தக் கோலத்தில் எப்படித் தூக்கம் வரும்?
— ஒரு வாசகி, திருவொற்றியூர்

வரும். வழக்கம்போல் வராது, ஆனால் ஐந்தாறு மணி நேரம் பதிவானாலே போதும். ஊசி எதுவும் கிடையாது.

தலையில் மூளை அலையைப் பதியும் ஈஈஜி, கண்ணோரம், தாடை, நெஞ்சில் ஈசிஜி, இரண்டு கால்கள் என்று ஒயர்கள் ஒட்டப்படும். மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் ஒவ்வொரு பெல்ட், விரலில் ஆக்சிஜன் கிளிப். எல்லா ஒயரும் ஒரு சின்னப் பெட்டிக்குள் போகும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் அந்தப் பெட்டியை மட்டும் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவோம்.

எங்களுக்கு வேலையைக் கெடுப்பது ஒன்றே ஒன்றுதான்: தலையெண்ணெய். தேங்காய் எண்ணெய் இருக்கும் மண்டையில் ஈஈஜி பேஸ்ட் பிடிக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒயர் வழுக்கி விழும். அதை ஒட்ட உங்களை எழுப்ப வேண்டிவரும். அன்று காலை சீயக்காயோ ஷாம்பூவோ போட்டு அலசி, எண்ணெய் வைக்காமல், பூ வைக்காமல், பின்னலைத் தளர்வாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால் கிளிப் தப்பான எண் காட்டலாம். ஒரு விரலையாவது விட்டு வையுங்கள். மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம்; பகல் தூக்கமும் வேண்டாம். வழக்கமான மாத்திரைகளைப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தலையணையையே எடுத்து வாருங்கள், தூக்கம் சீக்கிரம் வரும்.

முதல் பாதியிலேயே நோய் தீவிரம் என்று தெரிந்தால், மீதி இரவில் மாஸ்க் மாட்டி எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று பார்த்துவிடுவது உண்டு. அப்படிச் செய்வார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் இன்னொரு இரவு மிச்சம்.

வீட்டுக்கே தரும் சின்னக் கருவியும் இருக்கிறது. அறிகுறி தெளிவாக உள்ளவர்களுக்கு அது போதும். ஆனால் அதில் பெரும்பாலானவற்றுக்கு ஈஈஜி இல்லை. நீங்கள் தூங்கினீர்களா, விழித்துக்கொண்டு படுத்திருந்தீர்களா என்று தெரியாமல் மொத்த நேரத்தால் வகுத்துவிடும். எண் குறைவாக வரும். ‘நார்மல்’ என்று வந்த பிறகும் பகலில் தூங்கி வழிந்தால் லேபுக்குப் போகத்தான் வேண்டும்.

எண்ணூர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறேன். வயது 38. ஒல்லியான உடம்பு. லைனில் நிற்கும்போது ஸ்டியரிங்கிலேயே தலை சாய்ந்துவிடுகிறது. பின்னால் ஹாரன் அடித்தால்தான் முன்வண்டி நகர்ந்ததே தெரிகிறது. இது குண்டானவர்களுக்கு வருவதுதானே?
— ஒரு வாசகர், மணலி

இல்லை. எடை ஒரு காரணம். தாடை இன்னொரு காரணம். கீழ்த்தாடை சிறுத்து உள்வாங்கியவர்களுக்கு நாக்கு வைக்க இடம் போதாது. ஒல்லியாக இருந்தாலும் அடைக்கும். கண்ணாடி முன் வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டிப் பாருங்கள். உள்நாக்கே தெரியவில்லை என்றால் வழி குறுகல் என்று பொருள்.

முதலில் ஒரு வாரம், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று எழுதுங்கள். கேபினில் காலை மடக்கிப் படுத்த நாலு மணி நேரம்தான் தூக்கம் என்றால் நோய் தேடவே வேண்டாம், அதுவே காரணம். ஏழு மணி நேரம் படுத்தும் இப்படித்தான் என்றால் பரிசோதனை அவசியம். எப்வொர்த் என்று ஒரு கேள்வித்தாள் உண்டு. உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, பொது இடத்தில் சும்மா இருக்கும்போது, பயணியாக ஒரு மணி நேரம் போகும்போது, மதியம் படுத்திருக்கும்போது, ஒருவரோடு பேசும்போது, சாப்பிட்டபின் உட்கார்ந்திருக்கும்போது, டிராஃபிக்கில் சில நிமிஷம் வண்டி நிற்கும்போது என்று எட்டு சூழல். கண் அசருவதற்கான வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை போட்டுக் கூட்ட வேண்டும். 10-ஐத் தாண்டினால் அதிகம். நீங்கள் எழுதியிருப்பது அந்த எட்டாவது சூழல். அதில் தூங்குவது மிகவும் மோசமான அறிகுறி.

டீயும் புகையிலையும் கண்ணைத் திறந்து வைக்கும். மூளை மூன்று நொடி அணைந்து எரிவதைத் தடுக்காது. 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி என்பது 50 மீட்டர். எண்ணூர் நெடுஞ்சாலையில் அந்த 50 மீட்டருக்குள் எத்தனை சைக்கிள், எத்தனை பள்ளிப் பிள்ளைகள் என்று உங்களுக்கே தெரியும். பரிசோதனை முடியும்வரை இரவு லோடு எடுக்காதீர்கள், தம்பி. கண் சொருகினால் ஓரங்கட்டி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிஷம் தூங்குங்கள். காபி வேலை செய்ய ஆரம்பிக்கும் நேரத்தில் எழுந்திருப்பீர்கள். இது அன்றைக்கு மட்டும் தாங்கும். நோய் உறுதியாகி சிபேப் போட்டால், பகல் தூக்கம்தான் முதலில் விலகும். பலருக்குச் சில நாளிலேயே.

அப்பாவுக்கு ஏஹெச்ஐ 41. ஐம்பதாயிரம் கொடுத்து சிபேப் மெஷின் வாங்கினோம். நாலே ராத்திரி போட்டார். மூச்சு முட்டுகிறது, வாய் வறள்கிறது, வயிறு உப்புகிறது என்று கழற்றிவிட்டார். இப்போது பீரோ மேல் இருக்கிறது. வேறு வழி இருக்கிறதா?
— ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

வேறு வழிக்குப் போகும் முன் அந்த மெஷினைக் கீழே இறக்குங்கள். 41-க்கு அதைவிட நிச்சயமான சிகிச்சை இல்லை. அவர் சொன்ன மூன்று குறைக்கும் தீர்வு உண்டு. வாங்கிக் கொடுத்தவர்கள் முதல் மாதம் கூட இருந்து பார்க்காததால்தான் இந்த மெஷின்கள் பீரோ ஏறுகின்றன.

சிபேப் ஆக்சிஜன் தருவதில்லை. அறைக் காற்றையே அழுத்தி அனுப்புகிறது. அந்த அழுத்தம் தொண்டைக்குள் காற்றால் ஆன முட்டுக்கொடுத்தல் மாதிரி நின்று வழியைத் திறந்து வைக்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் வெளியிட்ட யோசனை இது. இன்றுவரை அடிப்படை மாறவில்லை. அழுத்தம் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அளவு வரை வைக்கலாம்.

மூச்சு முட்டல்: பெரும்பாலும் ஆரம்ப அழுத்தம் 4-இல் இருக்கும். மெதுவாக ஏறட்டும் என்று வைப்பது அது. ஆனால் உடம்பு பெரிதாக உள்ளவருக்கு 4-இல் காற்றே போதாது; குழாய்க்குள் மூச்சு விடுவதுபோல் இருக்கும். டாக்டரிடம் சொல்லி ஆரம்பத்தை 6 அல்லது 7 ஆக்கச் சொல்லுங்கள். மூச்சை வெளியே விடும்போது முட்டினால், அந்த நேரத்தில் மட்டும் அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு பெரும்பாலான மெஷின்களில் இருக்கிறது. அதை 2 அல்லது 3-இல் வைக்கலாம்.

வாய் வறட்சி: மூக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து தூங்குகிறார் என்று அர்த்தம். மூக்கு அடைப்பு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். படுக்கும் முன் உப்புநீர் ஸ்பிரே போட்டுப் பாருங்கள். மெஷினில் காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டியின் சூட்டை ஒரு படி ஏற்றுங்கள். அப்படியும் வாய் திறந்தால் தாடைப் பட்டை, அல்லது மூக்கையும் வாயையும் மூடும் முழு மாஸ்க். அப்பாவுக்கு அடர்ந்த மீசை இருந்தால் முழு மாஸ்க்கின் விளிம்பு சரியாகப் படியாது. மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் பில்லோ வகையைப் பார்க்கலாம்.

வயிறு உப்புவது: காற்று உணவுக்குழாயில் இறங்குகிறது. ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிக்க வேண்டும். அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ மெஷினாக இருந்து உச்ச அழுத்தம் 20 என்று திறந்து விட்டிருந்தால், அதைக் குறைக்கலாமா என்று மெஷின் அறிக்கையைக் காட்டிக் கேளுங்கள்.

மாஸ்க் மாட்டும் விதத்தில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். உட்கார்ந்துகொண்டு இறுக்கிக் கட்டிவிட்டுப் படுத்தால் முகத் தசை சரிந்து கசியும். கசிகிறதென்று இன்னும் இறுக்குவார்கள். மூக்குத் தண்டு புண்ணாகும். முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் சிலிக்கான் வழுக்கும். படுத்த பிறகு மெஷினைப் போடுங்கள். பட்டைகளைத் தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து அரை அங்குலம் தூக்கி, அதன் விளிம்பில் உள்ள சிலிக்கான் மெத்தை காற்றில் உப்பட்டும். மெதுவாக முகத்தில் அமர விடுங்கள். பிறகு இரண்டு பக்கமும் ஒரே அளவாக, கசிவு நிற்கும்வரை மட்டும் இறுக்குங்கள். பட்டைக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். மாஸ்க்கின் முன்புறச் சின்னத் துளைகளில் காற்று வருவது கசிவு இல்லை. விட்ட மூச்சு வெளியேறும் வழி அது. அதை டேப் ஒட்டி அடைத்துவிடாதீர்கள்.

பழக்குவதைப் பகலில் ஆரம்பியுங்கள். இரண்டு நாள், டிவி பார்த்துக்கொண்டே மாஸ்க் மட்டும் 20 நிமிஷம். அடுத்த இரண்டு நாள் மெஷினோடு. பிறகு மதியத் தூக்கம். அதன்பிறகு இரவு. நடு இரவில் கழற்றிப் போட்டால் திட்டாமல், பாத்ரூம் போய்விட்டு வந்ததும் மறுபடி மாட்டிவிடுங்கள். குறைந்தது நாலு மணி நேரம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள், அது கடைக்கோடி. தூங்கும் நேரம் முழுக்கப் போட வேண்டும். மாதக் கடைசியில் மெஷினின் அறிக்கையில் மூன்று எண்களைக் கேட்டு வாங்குங்கள்: எத்தனை மணி நேரம் போட்டார், கசிவு எவ்வளவு, மெஷினோடு ஏஹெச்ஐ எவ்வளவு. கடைசி எண் 5-க்குக் கீழே வர வேண்டும்.

மெஷினில் எந்தத் தண்ணீர் ஊற்றுவது? எங்கள் தெருவில் லாரித் தண்ணீர்தான். கரண்ட் போனால் மூச்சடைத்துவிடாதா?
— ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

சர்ஜிக்கல் கடையில் டிஸ்டில்டு வாட்டர் என்று கேட்டு வாங்குங்கள். போர் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் உள்ள உப்பு, சூட்டுத் தகட்டில் வெள்ளைப் பொருக்காகப் படியும். ஒரு நாள் தீர்ந்துபோனால், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை அன்றைக்கு மட்டும் ஊற்றலாம். படிந்துவிட்டால் ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்துக் கழுவுங்கள். காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, தொட்டியைக் கவிழ்த்து வெயில் படாமல் உலர்த்துங்கள். தண்ணீரோடு மெஷினைத் தூக்கவே கூடாது. உள்ளே புகுந்தால் மோட்டார் போச்சு. மெஷின் தலைமட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். ஏசி அறையில் குழாய்க்குள் நீர் கோத்து முகத்தில் சொட்டினால், குழாயைப் போர்வைக்குள் விட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கத்தில் தூசி அதிகம். ஃபில்டரை வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள். வெள்ளைக் காகித வகையைக் கழுவிப் போடக் கூடாது. மாஸ்க்கின் மெத்தையைத் தினமும், குழாயை வாரம் ஒருமுறை இளஞ்சூட்டு நீரில் லேசான சோப்புப் போட்டு அலசினால் போதும். டெட்டால் வேண்டாம்.

கரண்ட் போனால் மூச்சடைக்காது. முழு மாஸ்க்கில் அதற்கென்றே ஒரு வால்வு திறந்துகொள்ளும். மூக்கு மாஸ்க்கில் வாயால் மூச்சு விடலாம். ஆனால் காற்றில்லாத மெஷினை மாட்டிக்கொண்டே படுக்க வேண்டாம், கழற்றிவிடுங்கள். சூட்டை அணைத்துவிட்டால் பெரும்பாலான மெஷின்கள் ஒரு சீலிங் ஃபேன் அளவுக்கு மேல் கரண்ட் எடுப்பதில்லை. வீட்டு இன்வெர்ட்டர் தாங்கும்.

பக்கத்து வீட்டில் ஒருவர் பயன்படுத்திய மெஷினைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?
— ஒரு வாசகர், வியாசர்பாடி

உங்கள் பரிசோதனை முடிந்து, அழுத்தம் எவ்வளவு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு என்றால் யோசிக்கலாம். அவருக்கு வைத்திருந்த அழுத்தம் உங்களுக்கு ஆகாது. மாஸ்க், குழாய், ஃபில்டர் மூன்றும் புதிதாக வாங்குங்கள். மெனுவில் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று தெரியும், பாருங்கள். பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில், சத்தம் குறைக்க உள்ளே வைத்த ஃபோம் உதிர்ந்து காற்றில் கலக்கலாம் என்று பல பழைய மாடல்களைத் திரும்பப் பெற்றது. முதல் தலைமுறை ‘டிரீம்ஸ்டேஷன்’ அதில் அடக்கம். வரிசை எண்ணைச் சரிபார்க்காமல் அதைத் தொடாதீர்கள். நாங்களாக இருந்தால், முதலில் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்ப்போம்.

மாஸ்க்கே வேண்டாம். ஆபரேஷன், வாயில் மாட்டும் கிளிப், எடை குறைக்கும் ஊசி என்கிறார்களே?
— ஒரு வாசகர், புளியந்தோப்பு

யாருக்கு எது என்பதுதான் விஷயம். கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் கிளிப், லேசான, நடுத்தர நோய்க்கு நல்லது. தீவிரமானாலும் சிபேப் முடியவே முடியாதவர்களுக்குத் தரலாம். பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்ய வேண்டும். வெந்நீரில் போட்டுக் கடித்துக்கொள்ளும் ஆன்லைன் சரக்கு வேண்டாம். இரண்டு தாடையிலும் உறுதியான பற்கள் வேண்டும். பாக்கு, புகையிலையால் ஈறு ஆடிப்போனவர்களுக்கு ஒத்துவராது. முதல் வாரங்களில் தாடை வலிக்கும். வருடக் கணக்கில் கடி சற்று மாறலாம். கிளிப் போட்டபின் இன்னொரு பரிசோதனை செய்து எண் குறைந்ததா என்று பார்க்காவிட்டால், குறட்டை மட்டும் நின்று நோய் உள்ளே இருக்கலாம்.

மல்லாந்து படுக்கும்போது மட்டும் எண் இரட்டிப்பாகிறவர்கள், பனியனின் முதுகில் பாக்கெட் தைத்து டென்னிஸ் பந்து வைத்துக்கொள்ளலாம். செலவில்லாத வழி.

எடை 10 சதவீதம் குறைந்தால் ஏஹெச்ஐ ஏறத்தாழ கால் பங்கு குறையும் என்று அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வு 2000-இல் காட்டியது. 90 கிலோவில் 9 கிலோ. எடை குறைக்கும் டிர்செப்படைடு ஊசியை, உடல் பருமனோடு நடுத்தர, தீவிர ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் அனுமதித்தது. வாரம் ஒரு ஊசி. குமட்டல், பேதி வரலாம். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும். எடையும் ஏஹெச்ஐயும் இறங்கும்வரை மாஸ்க் வேண்டும்.

பெரியவர்களுக்கு அண்ணத்தை வெட்டும் ஆபரேஷனை முதல் வழியாக நாங்கள் சொல்ல மாட்டோம். வலி அதிகம், பலன் ஆளுக்கு ஆள் மாறும். டான்சில் பெரிதாக இருந்தால் கதை வேறு.

ஆறு வயதுப் பையன். வாயைத் திறந்தே தூங்குகிறான், குறட்டை விடுகிறான். நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் மறுபடி ஆரம்பித்திருக்கிறது. ஒரு இடத்தில் உட்காருவதில்லை என்று டீச்சர் புகார்.
— ஒரு தாய், ராயபுரம்

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் இந்த மாதமே காட்டுங்கள், அம்மா. இந்த வயதில் மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டும் டான்சிலும் வீங்கி வழியை அடைப்பதே முக்கியக் காரணம். தூக்கம் கெட்ட பெரியவர்கள் சோர்ந்து விழுவார்கள், பிள்ளைகள் துறுதுறுப்பார்கள். அதைச் சேட்டை என்று அடிக்கிறோம். பிள்ளைகளுக்குக் கணக்கும் வேறு: மணிக்கு 1-ஐத் தாண்டினாலே அதிகம். லேசாக இருந்தால் சில வாரம் மூக்கு ஸ்பிரே கொடுத்துப் பார்ப்பார்கள். இல்லையென்றால் அடினாய்டையும் டான்சிலையும் எடுப்பதே நல்ல தீர்வு. எடுத்தபின் இரண்டு வாரம் முறுக்கு, மிக்சர் வேண்டாம். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை பொருக்கு உதிரும். அப்போது எச்சிலில் புது ரத்தம் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மாதவிடாய் நின்று இரண்டு வருடம். குறட்டை அதிகமில்லை. ராத்திரி நாலைந்து முறை முழிப்பு, பகலெல்லாம் அசதி. தூக்கத்துக்கு அல்பிரசோலம் மாத்திரை போடுகிறேன்.
— ஒரு வாசகி, கொளத்தூர்

பெண்களுக்கு இந்த நோய் பெரும்பாலும் இப்படித்தான் வரும். மாதவிடாய் நின்றபின் கூடும். தைராய்டையும் ரத்தசோகையையும் பார்த்துவிட்டுத் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். ஆப்னியா இருந்தால் அந்த மாத்திரை தசையைத் தளர்த்தி, மூளை விழிப்பதையும் தாமதமாக்கும். ஆனால் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள்; டாக்டர் சொல்லும்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சிபேப் போடுகிறேன். அடுத்த மாதம் ஹெர்னியா ஆபரேஷன். இதைச் சொல்ல வேண்டுமா?
— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

மயக்க மருந்து டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மயக்க மருந்தும் வலிநிவாரண ஊசியும் தொண்டைத் தசையைத் தளர்த்தும். ஆபரேஷன் முடிந்த முதல் இரவுகளில்தான் ஆபத்து அதிகம். மெஷின், மாஸ்க், அடாப்டர், மூன்று முள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருக்கும் என்று நம்ப முடியாது. ஏஹெச்ஐ எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, எந்த மாஸ்க், என்ன சைஸ் என்று ஒரு தாளில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டிவிடுங்கள். துணைக்கு இருப்பவருக்கு மாஸ்க் மாட்டத் தெரிய வேண்டும். போவதற்கு முன் இரண்டு ராத்திரி அவரையே மாட்டிவிடச் சொல்லுங்கள்.